பண்டைய கிரேக்கத் தத்துவஞானிகள் விளையாட்டை மதித்தார்களா, வெறுத்தார்களா?

இரண்டும் உண்டு. உடம்பைப் பழக்குவதை மதித்தார்கள். பரிசுக்காக உடம்பைப் பிழிவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

பிளேட்டோவின் அகாடமி, அரிஸ்டாட்டிலின் லைசியம் இரண்டுமே ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே இருந்த உடற்பயிற்சிக் களங்கள்தான். இளைஞர்கள் எண்ணெய் பூசி மல்லுக்கு நின்ற இடத்திலேயே தத்துவமும் பேசினார்கள். பயிற்சி உடம்புக்கு, இசை மனதுக்கு என்று பிரிப்பதைப் பிளேட்டோ 'குடியரசு' நூலில் மறுக்கிறார். இரண்டும் மனதுக்காகத்தான் என்கிறார். பயிற்சி மட்டும் செய்பவன் முரடனாவான், இசை மட்டும் கேட்பவன் தளர்ந்துபோவான். போட்டி வீரர்கள் வாழ்நாளைத் தூங்கியே கழிக்கிறார்கள், சாப்பாட்டு முறை கொஞ்சம் தவறினாலும் நோயில் விழுகிறார்கள் என்றும் அதே நூலில் வருகிறது. அவருக்கு முன்பே செனோஃபனீஸ் என்ற கவிஞரும் தத்துவஞானியுமானவர், ஒருவன் குத்துச்சண்டையில் ஜெயித்தால் ஊரின் களஞ்சியம் நிறையுமா என்று கவிதையில் கேட்டிருந்தார்.

எனக்கு நெருக்கமானவர் அரிஸ்டாட்டில். 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியில் ஒரு கணக்கு சொல்கிறார். பண்டைய ஒலிம்பிக் நடந்த ஒலிம்பியாவில் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனிப் போட்டிகள் இருந்தன. சிறுவனாகவும் ஜெயித்து, வளர்ந்த பிறகும் ஜெயித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். சின்ன வயதின் கடும் பயிற்சி வலுவை உறிஞ்சிவிட்டது என்கிறார். டெல்ஃபியில் நடந்த பிதியப் போட்டிகளின் வெற்றியாளர் பட்டியலைத் தன் உறவினரும் வரலாற்றாசிரியருமான காலிஸ்தனீஸுடன் சேர்ந்து தொகுத்தவர் அவர். பட்டியல்களோடு பழகியவர் சொல்வதால் அந்த வரிக்குக் கூடுதல் எடை உண்டு. பருவமடையும்வரை லேசான பயிற்சி போதும், அப்புறம் மூன்று வருடம் படிப்பு, அதன் பிறகே கடும் பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் என்பது அவர் வகுத்த வரிசை. உடம்பும் அறிவும் ஒரே நேரத்தில் கடுமையாக உழைக்கக் கூடாது, ஒன்று மற்றொன்றைத் தடுக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

12 வயதில் நான் 1500 மீட்டர் ஓடினேன். என் பயிற்சியாளர் காலை மாலை இரண்டு வேளையும், வலி என்று சொன்ன நாளிலும் ஓடவைத்தார். மெடல்கள் வந்தன. 16 வயதில் முழங்கால் போய்விட்டது. பல வருடம் கழித்து அரிஸ்டாட்டிலின் அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் மகளுக்கு 11 வயது. அவளும் ஓடுகிறாள். வாரத்துக்கு மூன்று நாள், அதுவும் அவள் கேட்டால்தான்.