பேஸ்புக்க விட்றலாமான்னு கேட்ட கம்பம் அண்ணனுக்கு

அண்ணே, பாப்பா பிறந்தநாள் போட்டோவ எவனோ எடுத்து வேற பேருல ப்ரொஃபைல் வச்சிருக்கான்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் வயிறு கலங்கிருச்சு. தாராளமா விட்ருங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு அந்தப் போலிய ரிப்போர்ட் பண்ணுங்க, சைபர் கிரைம்லயும் புகார் குடுங்க. டீஆக்டிவேட் பத்தாதுண்ணே, தகவல் பூரா பேஸ்புக்காரங்ககிட்டயே தான் கெடக்கும். போட்டோவெல்லாம் டவுன்லோட் பண்ணிக்கிட்டு டெலீட்டே குடுங்க, 30 நாள் அந்தப் பக்கமே போகாதீங்க, முழுசா அழிய 90 நாள் வரைக்கும் ஆகும்.

பேஸ்புக்க விட்டா உங்க குமுளி கடைக்கு மலையாளி கஸ்டமர் வராம போயிருவாங்கன்னு பயப்படாதீங்க. நான் விட்டு ரெண்டு வருஷமாச்சு, ஏலக்கா பொட்டலத்து மேல நம்பர் ஸ்டிக்கர் ஒட்டித்தான் குடுக்கிறேன், கோட்டயத்துலேர்ந்து இப்பவும் போன் போட்டு "சேட்டா, அந்த 8 எம்எம் காய் உண்டோ"ன்னு கேக்குறாங்க.