வாங்குவோர் கேள்வி-பதில்: கவசத்துக்குள் வியர்ப்பவர்களுக்கு என்ன குடிக்கத் தருவது?

கேள்வி: கோயில் கொடைக்காகப் பாண்டியர் காலப் போர்க்காட்சி நடத்தினோம். பஞ்சு தைத்த அங்கியும் தகரக் கவசமும் அணிந்து வாள் வீசிய இளைஞர்களுக்காக, ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெரிதாக அச்சிட்ட பானத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கினோம். ஒரே தித்திப்பு, தாகம் அடங்கவில்லை. ஏமாந்துவிட்டோமா? (பாளையங்கோட்டை)

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள்; பிழை உங்களுடையதன்று. ஓ.ஆர்.எஸ். என்பது உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் குடிக்கும் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அதற்கு ஒரு லிட்டர் நீரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். இந்தப் பெயரைச் சூடிக்கொண்டு விற்பனையான பானங்கள் பலவற்றில் சர்க்கரை பல மடங்கு மிகுதி, உப்போ குறைவு. மிகுந்த சர்க்கரை, குடித்த நீர் உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த அளவுப்படி தயாரித்ததன்று என்று ஒரு குறிப்பை அச்சிட்டுவிட்டுப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அனுமதித்ததை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வெயிலில் நாவறண்டு நிற்பவன் பொடி எழுத்தையா படிப்பான்? ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகே, 2025 அக்டோபரில் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. ரசீதையும் காலிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். அடுத்த முறை மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு குறித்த பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, உறையில் சொன்ன அளவு நீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். ஒரு மணி நேரக் காட்சிக்கு அதுவும் தேவையில்லை. தண்ணீரும் உப்பிட்ட நீர்மோரும் போதும்.

கேள்வி: பதநீர் வாங்கித் தரலாமா? (வள்ளியூர்)

பதில்: ஆட்டம் முடிந்த பின் தரலாம். அதில் இயல்பாகவே சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல் இருப்பதால், களத்தில் இறங்குமுன் வயிறு கனக்கும். பனையேறுபவரிடமே காலையில் வாங்குங்கள். நெடுஞ்சாலையோரம் நான் ஒருமுறை வாங்கியது, சாக்கரின் கலந்த வெறும் தண்ணீர். குடித்த பின்னும் நாக்கில் கசப்பு நின்றது.

கேள்வி: முதுகில் மாட்டும் உறிஞ்சுகுழாய் நீர்ப்பை வாங்கலாமா? (அம்பாசமுத்திரம்)

பதில்: வேண்டாம். கவசத்தின் அடியில் நீர் சூடேறும். குழாயைக் கழுவி உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பணத்தில் மூக்குள்ள கூஜாக்கள் வாங்கி, தண்ணீர் கொடுப்பதற்கென்றே இருவரை நிறுத்துங்கள். கால்மணிக்கு ஒருமுறை, தாகம் எடுக்கிறதா என்று கேட்டுக்கொண்டிராமல், தலைக்கவசத்தைக் கழற்றச் செய்து சில மிடறுகள் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்து ஒருவர் தலைவலி, வாந்தி, தடுமாற்றம் என்று சொன்னால், மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததால், முத்திரை இல்லாத 20 லிட்டர் கேன்களை ரசீதின்றி வாங்கினோம். தண்ணீர் நாறுகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? (நாங்குநேரி)

பதில்: முத்திரையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாராமல், ரசீதும் கேளாமல் வாங்கிவிட்டு, இப்போது யாரிடம் கேட்பீர்கள்? தண்ணீரைக் கீழே கொட்டுங்கள்.