ரோகு மீனின் பச்சைப் பை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பித்தப்பைக் கல்லைப் பற்றி எழுதியதும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் கல்லை விட்டுவிட்டுப் பித்தநீரைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை லேபில் கிருமி வளர்த்தே ஓய்வு பெற்றவள். மாத்திரையைத் தொடங்குவது, நிறுத்துவதெல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ரோகு மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் சர்க்கரை இறங்கும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். கொடுக்கலாமா அம்மா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

கூடவே கூடாது.

மார்க்கெட்டில் ஏரி மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காவைக் கவனித்திருப்பீர்கள். அரிவாள்மனையில் வயிற்றைக் கீறியதும், ஈரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கரும்பச்சைப் பையை இரண்டு விரலால் பிடித்து, நசுங்காமல் இழுத்து எறிவார். கறி கசந்துவிடக் கூடாதே என்றுதான். ஆனால் ரோகு, கட்லா, புல் கெண்டை மாதிரியான கெண்டை வகை மீன்களின் பைக்குள் கசப்போடு நஞ்சும் இருக்கிறது. நம் பித்தநீரில் பித்த அமிலங்கள் இருக்கின்றன; இந்த மீன்களில் அந்த வேலையைச் செய்வது சிப்ரினால் சல்பேட் என்ற பொருள். அதுதான் மனிதனின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது.

விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, பேதி. மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். வாந்தியும் நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறையும், முகம் வீங்கும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் எகிறியிருக்கும். ஈரலும் அடி வாங்கியிருக்கும். டயாலிசிஸ் வரை போனவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் தேறிவிடும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் சர்க்கரை இருப்பவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்பட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் இதையும் ஏற்றுவதா?

வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. சாராயத்தில் கலந்தாலும் போகாது. மீன் பெரிதாக இருந்தால் பையும் பெரிது, ஆபத்தும் பெரிது. யாராவது ஏற்கெனவே விழுங்கியிருந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்; “மீன் பித்தம் விழுங்கினார்” என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தோன்றாது.

வெட்டும்போது தவறிப் பை உடைந்துவிட்டால், பச்சை பட்ட சதையை அரிந்து எறிந்துவிட்டு மீதியை நன்றாகக் கழுவுங்கள். அண்ணனுக்கும் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பித்தப்பையை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. சாப்பிட்டு எழுந்ததும் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. பஸ் ஏறவே பயம். பை இல்லாமல் கொழுப்பு எப்படித்தான் செரிக்கிறது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பித்தநீரைச் செய்வது பை இல்லை சார், கல்லீரல். அதைச் சேர்த்து வைத்து, கெட்டியாக்கி, சாப்பிடும்போது குடலுக்குள் பீய்ச்சியது மட்டும்தான் பையின் வேலை. கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்த அமிலமாக மாற்றுகிறது. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை உடைப்பது போல அது கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியாக்கிச் செரிக்க வைக்கிறது.

உடம்பில் இருக்கும் மொத்தப் பித்த அமிலமே 2, 3 கிராம்தான். அதையே உடம்பு ஒரு நாளில் பல தடவை சுற்றவிடுகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். மலத்தோடு போவது தினம் அரை கிராம் அளவு. கல்லீரல் அதைப் புதிதாகச் செய்து ஈடுகட்டிவிடும்.

பை போனபின் பித்தநீர் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். நிறையப் பேருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் சிறுகுடலால் முழுசாக உறிஞ்ச முடியாமல் மீதி பெருங்குடலுக்குப் போய்விடும். பெருங்குடலுக்கு அது ஆகாது. தண்ணீரைச் சுரந்து அவசர அவசரமாக வெளியே தள்ளும். உங்கள் தொல்லை இதுவாக இருக்கலாம். “பித்த அமிலப் பேதியா?” என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கொலஸ்டைரமின் என்று ஒரு பொடி இருக்கிறது. தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அது பித்த அமிலத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கொலஸ்ட்ராலைக் குறைக்க வந்த மருந்துதான் இது. போன பித்த அமிலத்தை மறுபடி செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும் இல்லையா, அந்தக் கணக்கு. ஒரு எச்சரிக்கை: தைராய்டு மாத்திரை போன்றவற்றையும் இந்தப் பொடி பிடித்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, குறைந்தது நாலு மணி நேரம் பின்னாலோ போடுங்கள். அதுவரை பரோட்டா கடைப் பக்கம் போகாமல் இருந்தால் நல்லது.

மெக்கான்கி அகாரில் பித்த உப்பை ஏன் சேர்க்கிறார்கள்? ஆராய்ச்சியில் அதற்கு வேறு என்ன உபயோகம்?
– மைக்ரோபயாலஜி மாணவர், வில்லியனூர்

வாங்க தம்பி, இது என் பேட்டைக் கேள்வி. மற்றவர்களுக்காக: மெக்கான்கி அகார் என்பது லேபில் கிருமி வளர்க்கும் ஒரு மீடியா.

பித்த உப்பு, அதாவது பித்த அமிலத்தின் உப்பு வடிவம், செல்லின் சவ்வைக் கரைக்கும். குடலிலேயே குடியிருக்கும் கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு அதைத் தாங்கும் வெளிச்சவ்வு இருக்கிறது. தோலில் இருக்கும் கிருமிகளில் பலவற்றுக்கு இல்லை. அதனால் வேண்டாதது அடங்கும், குடல் கிருமி வளரும். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் புளிக்க வைக்கும் ஈ.கோலி ரோஜா நிறத்தில் வரும், சால்மொனெல்லா நிறமில்லாமல் வரும். அப்புறம் நம் மாதிரிக் கடலோர ஊரில் காலரா கிருமியைத் தேட உதவும் டி.சி.பி.எஸ். என்ற மீடியா இல்லாமல் முடியாது. அதிலும் பித்த உப்பு உண்டு. கரும்பச்சைப் பிளேட்டில் இன்று கோடு இழுத்து வைத்தால், காலரா விப்ரியோ மறுநாள் காலையில் தட்டையான மஞ்சள் காலனியாக உட்கார்ந்திருக்கும். சரியாக வேகாத இறாலிலிருந்து வரும் பாராஹீமோலிட்டிகஸ் என்ற இன்னொரு விப்ரியோ பச்சையாகவே இருக்கும். இந்த மீடியாவைக் கொதிக்க வைத்தாலே போதும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழக்க தோஷத்தில் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிப் பாத்திரத்தில், வைத்துவிடுவார்கள், ஜாக்கிரதை.

எனக்குக் கடைசி வரை அலுக்காதது நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான சோதனை. கிருமி கலந்து மங்கலாக இருக்கும் குழாயில் சோடியம் டீஆக்சிகோலேட் என்ற பித்த உப்பைச் சில சொட்டு விட்டு 37 டிகிரியில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் கலங்கல் தெளிந்து பின்னால் இருக்கும் எழுத்து தெரியும். அந்தக் கிருமி தன்னைத் தானே உடைத்துக்கொள்ள பித்த உப்பு தூண்டிவிடுகிறது. அதன் உறவுக்கார ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் அசையாது.

இதே டீஆக்சிகோலேட்டை வைத்துத்தான் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களை வெளியே எடுக்கிறார்கள். 2021இல் கறுப்புப் பூஞ்சைக்காக ஊர் ஊராகத் தேடினார்களே, ஆம்போடெரிசின் பி, அதன் பழைய வகையைக் கரைய வைப்பதும் இதுதான். 1999இல் இன்னொரு விஷயம் தெரிந்தது: பித்த அமிலம் செல்லுக்குள் சேதி வாங்கும் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியில் போய் ஒட்டி, ஹார்மோன் மாதிரி ஜீன்களுக்கே உத்தரவு போடுகிறது. இப்போது சர்க்கரை, கொழுப்பு ஈரல் ஆராய்ச்சியில் பித்த அமிலத்துக்கு இவ்வளவு மவுசு வந்தது அதற்குப் பிறகுதான். ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிக் வீலண்ட் பித்த அமில ஆய்வுக்காக 1927ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வாங்கினார். பித்த அமிலத்துக்கு அவர் சொன்ன மூலக்கூறு வடிவம் தப்பு என்று 1932இல் திருத்தினார்கள். பரிசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மகளுக்கு எட்டாம் மாதம். ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது. தடிப்பு எதுவும் இல்லை. ரத்தத்தில் பித்த அமிலம் பார்க்கச் சொல்கிறார்கள். இது அவசியமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

அவசியம். நாளைக்கே பாருங்கள். கர்ப்பத்தில் சிலருக்குப் பித்தநீர் ஓட்டம் மந்தமாகி, பித்த அமிலம் ரத்தத்தில் ஏறிவிடும். அம்மாவுக்கு அரிப்போடு போய்விடும். அளவு மிகவும் கூடினால் ஆபத்து குழந்தைக்கு. லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப அளந்து பார்த்துப் பிரசவ நாளை முடிவு செய்வார்கள். 40க்குக் கீழே என்றால் ரொம்பப் பதற வேண்டாம், ஆனால் சோதனையை விடாதீர்கள்.

உர்சோடீஆக்சிகோலிக் அமிலம் என்று மாத்திரை எழுதிக் கொடுக்கலாம். அரிப்பு ஓரளவு குறையும். அதுவும் ஒரு பித்த அமிலம்தான், முதலில் கரடியின் பித்தத்தில் கண்டுபிடித்தது. இப்போது இந்த மாத்திரைக்கானதைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள், அதற்குக் கரடி தேவையில்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள். பிரசவத்துக்குப் பின் தானாகவே சரியாகிவிடும். அடுத்த பிள்ளைக்கும் வரலாம் என்பதால் இந்த ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.