மிதக்கிறவனுக்கு ஏது காலடித்தடம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு துப்பறியும் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் நடக்கிறது. அரிய விதைகள் இருந்த பை காணாமல் போகிறது. கவினும் நிலாவும் திருடனின் காலடித்தடத்தைப் பின்தொடர்கிறார்கள். நள்ளிரவில் அவன் சுவரில் ஓட்டை போட, எல்லாரையும் அது வெளியே இழுக்கப் பார்க்கிறது. வகுப்பில் வாசித்தபோது ஒரு பையன் எழுந்து, “மிஸ், மிதக்கிறவனுக்கு ஏது காலடித்தடம்?” என்று கேட்டுவிட்டான். அறிவியலைச் சரிசெய்யப் போனால் கதை பாடப்புத்தகம் ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பையன் கேட்டது சரி. அறிவியலை விளக்கப் போனால்தான் பாடப்புத்தகம் ஆகும். விளக்காதீர்கள், அதையே துப்பு ஆக்கிவிடுங்கள்.

முதலில் காலடித்தடம். நிலையத்தில் ஓரிடத்தில் நிலையாக இருக்க, கைப்பிடிக் கம்பிக்கு அடியில் பாதத்தைக் கொக்கிபோல மாட்டிக்கொள்வார்கள். சில மாதங்களில் உள்ளங்கால் மிருதுவாகிவிடும். காய்ப்பு பாதத்தின் மேற்பக்கம் ஏறும். “போன வாரம்தான் வந்தேன்” என்கிறவரின் பாதத்தின் மேற்பக்கம் காய்த்திருப்பதை நிலா பார்த்துவிட்டால் போதும். ஒரு வரி கூட விளக்கம் வேண்டாம்.

அடுத்து, பை எங்கே போனது? அங்கே சூடான காற்று மேலே எழாது. மூச்சில் விட்ட கார்பன் டை ஆக்சைடு முகத்தைச் சுற்றியே தேங்கும் என்பதால் மின்விசிறிகள் இரவும் பகலும் ஓடும். (அந்த இரைச்சலில் கிசுகிசுப்பை ஒட்டுக்கேட்க முடியாது, அப்படி ஒரு காட்சி இருந்தால் வெட்டிவிடுங்கள்.) எதையாவது ஒட்டாமல் விட்டால் காற்றோடு மெல்ல நகர்ந்து, காற்றை உள்ளிழுக்கும் வலைக்கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். பொருள் தொலைந்தால் முதலில் தேடும் இடம் அதுதான். கவினை அங்கே அனுப்புங்கள். தலைமுடி, நூல் பிசிறு, ஒரு திருகாணி, பேனா மூடி இருக்கட்டும். பை மட்டும் இருக்கக் கூடாது. அப்படியானால் யாரோ ஒளித்திருக்கிறார்கள், அல்லது காற்று போகாத மூலையில் அது சிக்கியிருக்கிறது.

இரண்டாவதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஃபிராங்க் ரூபியோ என்ற அமெரிக்க விண்வெளி வீரர், சர்வதேச விண்வெளி நிலையத்தில் விளைந்த குட்டித் தக்காளியை ஒரு பையில் போட்டு வைத்தார். திரும்பிப் பார்த்தால் காணோம். மணிக்கணக்கில் தேடினார். அவரே தின்றுவிட்டார் என்று கேலி. 371 நாள் தங்கிவிட்டு 2023 செப்டம்பரில் பூமிக்குத் திரும்பினார், பழியோடு. டிசம்பரில் அங்கிருந்தவர்கள் கண்டெடுத்தார்கள்: வற்றி, கொஞ்சம் நசுங்கி, நிறம் மாறி, ஆனால் கண்ணுக்குத் தெரிந்த பூஞ்சை எதுவும் இல்லாமல். பத்து வயதுப் பிள்ளைக்குத் திருடனைவிட, செய்யாத தப்புக்குப் பழி சுமக்கிறவர்தான் நெருக்கமானவர். என்னைக் கேட்டால் உங்கள் கதைக்குத் திருடனே வேண்டாம்.

ஓட்டை விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்ட் இறுதியில், அதே நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்எஸ்-09 என்ற ரஷ்ய விண்கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் துளையால் காற்று கசிந்தது. தரைக் கட்டுப்பாட்டு நிலையம் கவனித்தபோது ஆறு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆபத்து உடனடியாக இல்லை என்று எழுப்பவே இல்லை! மறுநாள் துளையைக் கண்டுபிடித்ததும் ஜெர்மனியின் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் விரலால் பொத்தினார். பிறகு ஒட்டு நாடா, அதன்பின் எபாக்சிப் பசையில் தோய்த்த துணி. அந்தத் துளையில் விரலை இழுக்கும் விசை சுமார் 32 கிராம் எடைக்குச் சமம். சின்ன எலுமிச்சம்பழத்தின் கனம். யாரையும் வெளியே இழுக்காது. நிலையத்தின் சுமார் 900 கன மீட்டர் காற்றும் தீர இரண்டு வாரத்துக்கு மேலாகும்.

அதனால் பரபரப்பு குறையும் என்று பயப்படாதீர்கள். காற்றழுத்தமானியில் 760 மில்லிமீட்டர் என்று இருந்த எண் மணிக்கு இரண்டு வீதம் இறங்கட்டும். அத்தியாயத் தலைப்பிலேயே 758, 756 என்று போடுங்கள், பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொள்வார்கள். அந்தத் துளையைத் துளைக்கருவியால் போட்டது யார் என்பதற்கு இன்றுவரை எல்லாரும் ஏற்ற விடை பொதுவெளியில் வரவில்லை. உங்கள் கதையில் விடை கட்டாயம் வர வேண்டும்.

“நள்ளிரவு” வேண்டாம். ஒரு சுற்றுக்கு 92 நிமிடம், ஒரு நாளைக்குப் பதினாறு சூரிய உதயம். கடிகாரம் ஓடுவது கிரீன்விச் நேரத்தில். இதில் நல்ல பொய் ஒன்று கிடைக்கும்: “பத்தரைக்கு ஜன்னலில் நைல் நதியைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.” பத்தரைக்கு நிலையம் பசிபிக்குக்கு மேலே இருந்தது என்று சுற்றுப்பாதை வரைபடத்தில் கவின் விரலை வைத்தால் கதை முடிந்தது. அடுத்த சுற்றில் பாதை சுமார் 23 பாகை மேற்கே தள்ளிப்போகும்; அட்டவணை போடும்போது மறந்துவிடாதீர்கள்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. 2020 அக்டோபரில் நிலையத்தின் ஸ்வெஸ்டா என்ற ரஷ்யப் பிரிவில், விண்வெளி வீரர் அனடோலி இவானிஷின் தேநீர்ப் பையைப் பிரித்து இலைத்தூளை மிதக்கவிட்டார். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன, தூள் நகர்ந்த திசை விரிசலைக் காட்டிக்கொடுத்தது. நிலாவின் கையில் தேயிலைத்தூளைக் கொடுங்கள். அதற்கு முன் அந்த அறையின் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் தூள் முழுவதும் வலைக்கம்பிக்குத்தான் போகும், அந்தப் பையன் மறுபடி எழுந்து நிற்பான்.