அக்காவின் கார்டில் தம்பியின் போன்

கேள்வி: வயது 34. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 112,000 ரூபா. அம்மாவுடன் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வாடகை, சாப்பாடு, கரண்ட், பஸ், அம்மாவின் மருந்து எல்லாம் சேர்த்து 83,000 போகிறது. மாதச் சீட்டு 6,000. நான் பாவிப்பது 2020 இல் வாங்கிய சாம்சுங் ஏ51. மத்தியானத்துக்கு முன்பே சார்ஜ் இறங்கிவிடுகிறது, அப்டேட்டும் வருவதில்லை. புதிய போன் ஒன்று பார்த்தேன். காசுக்கு 219,000, கார்டில் 24 மாதத் தவணைக்கு 234,000, வட்டி இல்லை, மாதம் 9,750. வங்கியிலிருந்து அழைத்து கார்ட் லிமிட்டை 300,000 இலிருந்து 450,000 ஆக்கித் தருவதாகச் சொன்னார்கள். சம்மதித்துவிட்டேன். ஏற்கெனவே தம்பிக்கு 180,000 ரூபா போன் ஒன்றை என் கார்டில் 24 மாதத் தவணைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 14 மாதம் ஆகிறது. முதல் ஐந்து மாதம் ஒழுங்காகத் தந்தான். மச்சாளின் வாஷிங் மெஷினும் என் கார்டில்தான், அதில் 24,000 வரவேண்டும். கார்டில் இப்போது 118,000 நிலுவை. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். புதிய போனை எடுக்கலாமா? அல்லது பாவித்த ஐபோன் நல்லதா? மூன்று தவணையாகப் பிரித்துத் தரும் செயலியில் எடுக்கலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

பதில்: சகோதரி, நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்பவர். வரவு செலவு எழுதுங்கள், தேவை எது ஆசை எது என்று பாருங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடிதத்தில் நீங்கள் போனைப் பற்றி எழுதியது அரைப் பக்கம். தம்பியின் போனைப் பற்றி எழுதியது இரண்டு வரி. அந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நீங்கள் இணைத்திருந்த கார்ட் ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒரு பேனாவால் பிரித்துப் பார்த்தேன். தம்பி தராமல் விட்டது ஒன்பது மாதம், மாதம் 7,500 வீதம் 67,500. மச்சாளிடமிருந்து வரவேண்டியது 24,000. இரண்டும் சேர்ந்து 91,500. அப்படியென்றால் 118,000 நிலுவையில் உங்கள் சொந்தச் செலவும் வட்டியும் 26,500 தான். மிச்சம் எல்லாம் வேறு வீட்டில் இருக்கும் சாமான். இது போதாதென்று தம்பியின் தவணை இன்னும் பத்து மாதம் இருக்கிறது, அது 75,000. ஆக, இன்றைக்கு உங்கள் பெயரில் 193,000 ரூபா கடன். உங்கள் கையில் இருப்பதோ பற்றரி போன ஏ51.

குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுவதாக ஒருவித நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதி எனக்குக் கவலை தருகிறது. ஸ்டேட்மென்ட்டில் வருட வட்டி 28 வீதம் என்று போட்டிருக்கிறது. 118,000 க்கு மாத வட்டி ஏறத்தாழ 2,750. நீங்கள் கட்டும் தொகை, நிலுவையில் 5 வீதமான 5,900, அதோடு தம்பியின் தவணை 7,500, மொத்தம் 13,400. அந்த 5,900 இல் கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போய்விடுகிறது. இவ்வளவும் கட்டிய பிறகு கையில் காசு குறைகிறது. உடனே மாதக் கடைசியில் சுப்பர் மார்க்கெட் சாமானை அதே கார்டில் வாங்குகிறீர்கள். பதினெட்டாம் திகதிக்குப் பிறகு வரிசையாகச் சின்னச் சின்னத் தொகைகள் இருக்கின்றனவே, பாருங்கள்: 1,860, 2,340, 990. முழு நிலுவையையும் கட்டாதவருக்கு வட்டியில்லாக் காலம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் வாங்கிய பால்மாவுக்கும் பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே 28 வீதம் ஓடுகிறது. தம்பி தராத 7,500, உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வட்டியாக வந்து நிற்பது இப்படித்தான்.

இதற்கு மேல் புதிய போனையும் போட்டால் என்ன ஆகும்? தம்பிக்கு 7,500, உங்களுக்கு 9,750, வட்டி 2,750. மாதம் 20,000. நிலுவையில் ஒரு ரூபா குறைவதற்கு முன்பே இவ்வளவு போகும். 83,000 வீட்டுச் செலவு, 6,000 சீட்டு போக உங்களிடம் மிஞ்சுவது 23,000. நடுவில் அம்மாவுக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால் அதுவும் கார்டுக்குத்தான் போகும்.

வட்டி இல்லை என்ற பேச்சையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். காசுக்கு 219,000, தவணைக்கு 234,000. வித்தியாசம் 15,000. அதற்கு வட்டி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தவணையில்லாமல் இப்போது நல்ல போன் வாங்க முடியாது என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300 ஐத் தாண்டியது. வெளியிலிருந்து வரும் எல்லாச் சாமானும் ஏறியது, போனும் ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. அதற்கு முன் வாங்கிய விலை நமக்கு நினைவில் இருக்கிறது, அதனால் இன்றைய விலை மலைப்பாகத் தெரிகிறது. மொத்த விலையைப் பார்க்காமல் மாதத் தொகையை மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். கடைக்காரரும் விலையைச் சொல்வதில்லை, மாதம் 9,750 என்றுதான் சொல்கிறார்.

இனி அந்த லிமிட். 300,000 லிமிட்டில் 193,000 ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது. மிச்சம் 107,000 தான். பழைய லிமிட் இருந்திருந்தால் 234,000 ரூபா போனைப் பற்றி நீங்கள் யோசித்தே இருக்க மாட்டீர்கள். லிமிட்டைக் கூட்டியது உங்கள் சம்பளத்தைக் கூட்டியதாக ஆகாது. நாளைக்கே வங்கிக்கு அழைத்து அதைத் திரும்ப 300,000 ஆக்கச் சொல்லுங்கள். தம்பியின் தவணை முடிந்ததும் 150,000 ஆக்குங்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அடுத்த முறை யாராவது கார்ட் கேட்டால், லிமிட் இல்லை என்று உண்மையாகவே சொல்லலாம். உங்களுக்கு இல்லை என்று சொல்ல வராது என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

இந்தப் பழக்கத்தை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் பெரியம்மாவின் மகன் முச்சக்கர வண்டி எடுக்க லீசிங்குக்குப் பிணை நின்றேன். அண்ணா நல்ல மனிதர், இன்றைக்கும் நல்ல மனிதர். வண்டி விபத்தில் சிக்கி நான்கு மாதத் தவணை நின்றுபோனது. நான் வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கி அதிகாரி கிரிப் அறிக்கையை, அதாவது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, திருப்பி என் பக்கம் வைத்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அண்ணாவின் பாக்கி என் பெயரின் கீழ் இருந்தது. நான் பிணை நின்றவன். நீங்களோ கடன்காரராகவே நிற்கிறீர்கள். உங்கள் கார்டில் இருப்பது வங்கியைப் பொறுத்தவரை உங்கள் கடன். அங்கே தம்பி என்று ஓர் ஆளே கிடையாது.

தம்பியிடம் கதைக்க வேண்டும். சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அம்மா "அவன் கேட்டால் குடுக்காமல் இருக்கேலுமா" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடமும் ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்கள். வட்டியாகப் போகும் 2,750 எத்தனை நாள் மருந்து என்று அவரே கணக்குப் பார்ப்பார். தம்பிக்கு வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது. பழைய ஒன்பது மாதத்தையும் ஒரேயடியாகக் கேட்டால் அவன் வீட்டுப் பக்கமே வரமாட்டான். வரப்போகும் பத்து மாதத்தை மட்டும் முதலில் பிடியுங்கள். அவன் சம்பளக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் 7,500 உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி ஸ்டாண்டிங் ஓடர் போடச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்தி, அவன் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்து, நீங்கள் மனம் நொந்து... அந்தச் சுற்றே வேண்டாம். பழைய 67,500 ஐப் பதினொராவது மாதத்திலிருந்து அதே ஓடரில் தொடரலாம். மச்சாளிடம் மாதம் 4,000 வீதம் ஆறு மாதம் கேளுங்கள்.

சரி, போன். உங்களுக்குப் புதிய போன் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில் வங்கிச் செயலியை வருடக்கணக்கில் வைத்திருக்கக்கூடாது. ஆனால் ஆறு மாதம் தள்ளலாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலோ இரண்டு மூன்று கடையில் விசாரித்துப் பற்றரியை மட்டும் மாற்றுங்கள். அதற்கு 7,000, 8,000 ஒதுக்குங்கள். தம்பியின் முதல் தவணை வந்தால் அதுவே போதும். தேவையில்லாத செயலிகளை நீக்குங்கள், தெரியாத இணைப்புகளைத் திறக்காதீர்கள், பெரிய தொகைகளை அலுவலகக் கணினியில் அனுப்பாமல் வங்கிக்கே போய்ச் செய்யுங்கள்.

இந்த ஆறு மாதத்தில் செய்ய வேண்டியது இது. கார்டை அலுமாரிக்குள் வையுங்கள், சாமானுக்குக் காசு அல்லது டெபிட் கார்ட். புதிதாக எதுவும் ஏறாமல் மாதம் 5,900 கட்டினால், நாலு மாதத்தில் 118,000 ஏறத்தாழ 105,000 க்கு இறங்கும். மச்சாளின் காசு வந்தால் இன்னும் இறங்கும், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடவில்லை. நாலாம் மாதம் உங்கள் சீட்டு 120,000 விழும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் செட்டியார் தெருவில் சங்கிலி எடுப்பதாக இருந்ததும் தெரியும். சங்கிலி பொறுக்கட்டும். 28 வீத வட்டி ஓடும்போது நகை வாங்குவது, ஓட்டைத் தாங்கியில் தண்ணீர் நிரப்புவது மாதிரி. சீட்டுக் காசில் கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள், 15,000 மிஞ்சும். அதன் பிறகு தம்பி ஒழுங்காகத் தந்தால் மாதம் 23,000 உங்களிடம் நிற்கும். அதில் 20,000 வீதம் இரண்டு மாதம். 15,000 உம் 40,000 உம் சேர்ந்து 55,000. இன்னும் ஐயாயிரம் போட்டால் ஆறாம் மாத முடிவில் 60,000 ரூபா போனைக் காசுக்கு வாங்கலாம். தம்பி தராவிட்டால் மாதம் 15,500 தான் நிற்கும், ஏழு மாதமாகும். அவ்வளவுதான் வித்தியாசம், அவனை நம்பி இந்தத் திட்டம் இல்லை.

கைவசம் இருக்கும் நகையை அடகு வைத்துக் கார்டை இப்போதே அடைக்கலாமே என்று கேட்கக்கூடும். வட்டி குறையும், உண்மை. ஆனால் கார்ட் வெறுமையானால் முதலில் வந்து நிற்பது யார் என்று உங்களுக்கே தெரியும். லிமிட்டைக் குறைக்கும் வரை அதைச் செய்யாதீர்கள்.

60,000 க்கு என்ன கிடைக்கும் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பாவனை வங்கி, வட்ஸ்அப், பஸ்ஸில் ஒரு மணித்தியால வீடியோ, அம்மாவின் கிளினிக் துண்டுகளைப் படம் எடுப்பது. அதற்குக் கமெராவைவிட முக்கியம், எத்தனை வருடம் அப்டேட் தருகிறார்கள் என்பது. சாம்சுங் 2024 இல் வெளியிட்ட ஏ16 க்கு ஆறு வருட அப்டேட் அறிவித்தது. விலை குறைந்த போனுக்கும் இப்போது அது கிடைக்கிறது. கடையில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கடை வாரண்டி வேண்டாம், கம்பெனி வாரண்டி உள்ளதை எடுங்கள். காசு கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள், போனின் 15 இலக்க அடையாள எண் வரும். ஆங்கிலத்தில் IMEI என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும்.

பாவித்த ஐபோன் உங்களுக்கு வேண்டாம். ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பற்றரி 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு 80 வீதம் கொள்ளளவு நிற்கும் வகையில்தான் செய்யப்பட்டது என்று அப்பிள் நிறுவனமே சொல்கிறது. பற்றரிக்காகப் போனை மாற்ற நினைக்கும் நீங்கள், இன்னொருவர் களைக்கச் செய்த பற்றரியை இரட்டை விலைக்கு வாங்குவானேன்? மூன்று தவணைச் செயலியும் அப்படித்தான். 60,000 ஐ மூன்றாகப் பிரித்தால் மாதம் 20,000. உங்களிடம் இன்று மிஞ்சும் 23,000 இல் 13,400 கார்டுக்குப் போகிறது. அந்த 20,000 எங்கிருந்து வரும்?

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவதாக எழுதியிருந்தீர்கள். வரும் ஞாயிறு, சாப்பாடு முடிந்த பிறகு, ஸ்டேட்மென்ட்டில் அவனுடைய வரிகளைப் பேனாவால் வட்டமிட்டு அவன் முன்னால் வையுங்கள். ஸ்டாண்டிங் ஓடரை அவன் அந்தப் போனிலேயே, உங்கள் முன்னால், பத்து நிமிடத்தில் போடலாம். முதல் 7,500 வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.