வக்கீல் எழுதிய வட்டார நாவல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தாலுகா கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் இளம் வழக்கறிஞர், ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லித்தான் தென் ஜெர்மனியின் பவேரியப் பகுதி எழுத்தாளர் லுட்விக் தோமாவைப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கும் எங்கள் ஊரைப் பற்றி ஒரு நாவல் எழுதும் ஆசை உண்டு. ஆனால் அவர் கடைசிக் காலத்தில் யூதர்களைப் பழித்துக் கட்டுரைகள் எழுதினார் என்று தெரிந்ததும் மேலே படிக்க மனம் வரவில்லை. சொந்த மண்ணை இவ்வளவு நேசித்தவர் எப்படி இப்படி ஆனார்? இவரைப் படிக்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படியுங்கள், அந்தக் கட்டுரைகளையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தோமா 1867இல் ஓபர்அமர்கௌவில் பிறந்தவர். அப்பா வனத்துறை அதிகாரி, இவருடைய ஏழு வயதில் இறந்துவிட்டார். அம்மா விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். முதலில் வனவியல், அப்புறம் சட்டம் என்று படித்து 1894இல் மியூனிக்குக்குப் பக்கத்தில் உள்ள டாஹாவில் வக்கீலாக உட்கார்ந்தார். (அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு வதைமுகாம் ஞாபகம் வரும், அது 1933இல் வந்தது. இவர் காலத்தில் அது விவசாயிகள் வந்துபோகும் சின்ன ஊர்.) மூன்று வருடம்தான் அங்கே இருந்தார். அந்த மூன்று வருடத்தில் காதில் விழுந்ததுதான் கடைசிவரை அவருக்குச் சோறு போட்டது. வக்கீல் முன்னால் உட்கார்ந்த விவசாயி எதைச் சொல்வான், எதை விழுங்குவான், எந்த இடத்தில் குரல் மாறும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

‘ஆந்த்ரேயாஸ் ஃபோஸ்ட்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோஸ்ட் ஒரு விவசாயி. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் இறந்துவிட்ட அவனுடைய சிசுவைக் கல்லறைத் தோட்டத்தின் புனித மண்ணில் புதைக்க முடியாது என்கிறார் பாதிரியார். அங்கே தொடங்குகிறது பகை. அப்புறம் ஃபோஸ்டை ஊர் தன் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறது. உடனே பாதிரியார், பெற்ற தகப்பனையே கொடுமைப்படுத்தியவன் இவன் என்று முந்தைய பாதிரியார் எழுதிவைத்ததாக ஒரு தாளை வெளியே எடுக்கிறார். என்னைப் பொறுத்தவரை அந்தத் தாள்தான் நாவல். ஒரு துண்டுக் காகிதம் அரசாங்கக் கோப்புக்குள் போனதும் உண்மையாகிவிடுகிறது, அதைப் பொய் என்று சொல்ல வருகிறவன் கலகக்காரனாகிவிடுகிறான், ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, எங்கேயும் நியாயம் கிடைக்காமல் கடைசியில் ஒரு மதுக்கடைச் சண்டையில் ஆளைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறான். கோர்ட் வாசலில் நின்றவர் கைக்குத்தான் இது வரும். நாவல் 1906இல் வந்தது. அதே வருடம் ‘சிம்ப்ளிசிசிமுஸ்’ பத்திரிகையில் ஒழுக்கம் போதிக்கும் சங்கத்தாரைக் கேலி செய்து எழுதிய கவிதைக்காக அவரே ஆறு வாரம் சிறையில் இருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் 1920, 21இல் மீஸ்பாஹ் ஊர்ப் பத்திரிகையில், பெயர் போடாமல், 150க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் யூதர்களையும் முதல் உலகப்போரில் தோற்றபின் ஜெர்மனியில் வந்த புதிய குடியரசையும் பெர்லினையும் வசைபாடினார். அப்போது அவர் காதலித்துக்கொண்டிருந்த மைடி ஃபான் லீபர்மான் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்! 1921 ஆகஸ்டில் இறந்தார். 1989இல் அந்தக் கட்டுரைகள் மொத்தமாக நூலாக வந்தபிறகு, மியூனிக் நகரம் அவர் பெயரில் கொடுத்துவந்த பதக்கத்தை நிறுத்திவிட்டது.

போரில் தோற்ற கசப்பு, நோய் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. நாவலில் ஃபோஸ்டைக் கெடுத்தவர்கள் யார்? அவனுடைய பாதிரியார், அவனுடைய ஊர்க்காரர்கள், அவனுடைய மாவட்ட அதிகாரி, போதாததற்கு அவனுடைய வீம்பு. கட்டுரைகளில் கெடுதல் முழுக்க வெளியிலிருந்து வருகிறது, ஊர் அப்பழுக்கில்லாமல் நிற்கிறது. பேசுவது அதே மண்வாசனைக் குரல்தான், அதனால்தான் ஜனங்கள் ரசித்துப் படித்தார்கள். ஊர்ப்பாசம் வெறுப்பாகத் திரும்புவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். உங்கள் நாவலில் உங்கள் ஊர் உங்கள் ஆட்களுக்கே செய்த அநியாயம் ஒன்றாவது இருக்கட்டும்.

வேலையை விட்டுவிடாதீர்கள். தோமாவின் உரையாடல்கள் அந்தப் பக்கத்துப் பேச்சுமொழியில் இருப்பதால் அகராதி கைகொடுக்காது, வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும். முதல் அத்தியாயம் எழுதியதும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.