வெளியீட்டுக்கு முன்பே கசிந்த ஆல்பம்: சந்தேகப்படுபவரின் பெயரை வெளியிடலாமா?

கேள்வி: நாங்கள் நால்வர் கொண்ட சுயாதீன ராக் இசைக்குழு. எங்கள் இரண்டாவது ஆல்பம் வெளிவர மூன்று வாரங்கள் இருக்கையில், பத்துப் பாடல்களும் இணையத்தில் கசிந்துவிட்டன. விமர்சனத்துக்காக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செம்மைப்படுத்தும் இறுதிக் கட்டம்) முடிந்த பதிப்பை அனுப்பியிருந்த ஒருவர்மீது எங்களுக்குப் பலத்த சந்தேகம் உள்ளது. கசிந்த கோப்பில், நான்காம் பாடலின் தொடக்கத்தில் டிரம்மர் குச்சிகளைத் தட்டி எண்ணும் ஓசை கேட்கிறது. மாஸ்டரிங்குக்கு முன்பே அதை வெட்டிவிட்டோம். அவருடைய பெயரைச் சமூக ஊடகத்தில் வெளியிடலாமா? பாடல்களை எப்படி நீக்கச் செய்வது?

பதில்: உங்கள் ஆத்திரம் நியாயமானது, ஆனாலும் அந்தப் பெயரை வெளியிடாதீர்கள். அவதூறு வழக்குக்கு இடம் கொடுத்துவிடுவீர்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவருக்குச் சென்றது மாஸ்டரிங் முடிந்த பதிப்பு என்றால், குச்சித் தட்டல் கேட்கும் கோப்பு அவருக்கு அனுப்பிய இணைப்பிலிருந்து வந்திருக்க முடியாது. அந்த ஓசை இருந்த மிக்ஸ், அதாவது மாஸ்டரிங்குக்கு முந்தைய பதிப்பு, எந்தக் கணினிகளில், எந்த மேகச் சேமிப்புக் கோப்புறையில், யார் யாருடைய கைப்பேசியில் இருந்தது என்று பட்டியலிடுங்கள். கோப்புறையின் அணுகல் பதிவுகளை இன்றே பதிவிறக்கி வையுங்கள். பல சேவைகள் அவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. யாரேனும் கணக்குக்குள் அத்துமீறி நுழைந்த தடயம் தெரிந்தால், அது காவல்துறையிடம் செல்ல வேண்டிய தனிக் குற்றம்.

நீக்கக் கோருவதற்கு முன் சாட்சியத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்தின் முழு முகவரி, பதிவேற்றியவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம் ஆகியவை தெரியும்படி திரைப்பதிவு எடுத்து, கோப்பின் ஒரு பிரதியை அதன் ஹாஷ் மதிப்புடன் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும், அதிலிருந்து கணக்கிடப்படும் குறியீடு) சேர்த்து வையுங்கள். அவசரத்தில் முதலில் நீக்கவைத்துவிட்டுப் பிறகு ஆதாரம் தேடி வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

காப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே என்று கலங்க வேண்டாம். 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடுகளில் வரிகளுக்கும் மெட்டுக்குமான பாதுகாப்புக்குப் பதிவு நிபந்தனை அல்ல. ஒலிப்பதிவு என்பது இவற்றிலிருந்து வேறான உரிமை; பல நாடுகளில் அது ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்த தயாரிப்பாளரைச் சேரும். எனவே ஒலிப்பதிவு உங்களுடையதா, லேபிளுடையதா (இசை வெளியீட்டு நிறுவனத்துடையதா) என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, உரிமையுள்ளவர் பெயரிலேயே, பாடல்களை நீக்கக் கோரும் அறிவிக்கையைத் தளத்துக்கு அனுப்புங்கள்.

பெரிய தளங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ (டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம்) நடைமுறையைப் பின்பற்றுகின்றன. படைப்பு எது, மீறல் எந்த முகவரியில் உள்ளது, உங்கள் தொடர்பு விவரம், கையொப்பம், இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புவதாக ஓர் உறுதிமொழி, விவரங்கள் சரியானவை, உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் உண்டு என இன்னோர் உறுதிமொழி ஆகியவை அறிவிக்கையில் இருக்க வேண்டும். அதிகாரம் பற்றிய உறுதிமொழி பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டது என்பதால்தான் உரிமையை முதலில் உறுதி செய்யச் சொன்னேன். அறிவிக்கை பதிவேற்றியவர் கைக்கும் போகக்கூடும். வீட்டு முகவரிக்குப் பதிலாக வழக்கறிஞர் அல்லது லேபிளின் முகவரியைக் கொடுங்கள். பதிவேற்றியவர் நீக்கத்தை மறுத்து எதிர் அறிவிக்கை கொடுத்தால், நீங்கள் வழக்குத் தொடராத நிலையில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் கோப்பு மீண்டும் ஏறிவிடும்.

டொரண்ட் (பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பரவுவதை முழுதாக நிறுத்த முடியாது. தேடுபொறி முடிவுகளிலிருந்து அந்த இணைப்புகளை நீக்கக் கோருவதே பலன் தரும். பதிவேற்றியவர் யாரென்று தெரியாவிட்டாலும், பல நாடுகளில் அடையாளம் தெரியாத பிரதிவாதிக்கு எதிராகத் தடையாணையும், அவருடைய விவரங்களைத் தரும்படி தளத்துக்கு உத்தரவும் கோர முடியும். ஆனால் அது செலவு பிடிக்கும் வழி. மேலே சொன்ன பட்டியல் எங்கு கொண்டு சேர்க்கிறது என்று பார்த்த பிறகு அதை முடிவு செய்யுங்கள்.

வெளியீட்டை முன்கூட்டி நடத்த நினைத்தால், விநியோகஸ்தருடனான ஒப்பந்தத்தில் தேதி மாற்றத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு கேட்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். அவர்களின் சம்மதம் எழுத்தில் வந்த பிறகே புதிய தேதியை ரசிகர்களிடம் சொல்லுங்கள்.